எண்பத்திரண்டு வயதில் ஒரு ராஜினாமா

(பத்தாம் வகுப்பு மாணவி)

செஞ்சிலுவைச் சங்கம் என்றதும் ஹென்றி டுனான்ட் அவர்களின் பெயர்தான் நம் நினைவுக்கு வரும். அவர் பிறந்த மே 8ஆம் நாளை உலகச் செஞ்சிலுவை நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அமெரிக்க நாட்டில் அச்சங்கத்தை நிறுவி, 23 ஆண்டுகள் தலைமை தாங்கி, இறுதியில் மனவருத்தத்துடன் அப்பதவியை விட்டு விலகிய கிளாரா பார்ட்டன் அம்மையாரை நம்மில் பலர் அறியோம். அவர் ஆற்றிய தொண்டைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர் விலகியதைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்குவதைவிட, உயிருடன் இருக்கும்போதே அதைப் பிறர் கையில் ஒப்படைப்பது கடினம் போலும்!

கிளாரா 1821ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். ஆயினும் பதின்பருவத்திலேயே ஆசிரியை ஆனார். 1852இல் நியூஜெர்சி மாநிலத்தின் போர்டன்டவுன் நகரில், கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சில பிள்ளைகளுடன் ஆரம்பித்த பள்ளி வெகு விரைவில் வளர்ந்து நூற்றுக்கணக்கானோர் பயிலும் இடமாயிற்று. ஊரார் மகிழ்ந்து பெரிய கட்டடம் கட்டினார்கள். கட்டிய பின் என்ன செய்தார்கள் தெரியுமா? இவ்வளவு பெரிய பள்ளிக்குப் பெண் தலைமை தாங்குவதா என்று எண்ணி, ஓர் ஆணைத் தலைமையாசிரியராக நியமித்தார்கள். அவருக்குச் சம்பளமும் அதிகம்! கிளாரா 1854இல் அவ்வேலையை விட்டு வெளியேறினார். தாம் வளர்த்த ஒன்றைப் பிறரிடம் விட்டுவிட்டு வருவது என்னவென்று அவர் அறிந்தது அப்போதுதான். இச்சிறு நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். காயமுற்ற வீரர்களுக்குத் துணியும் உணவும் திரட்டத் தொடங்கி, பின் போர்க்களத்திற்கே வண்டிகளில் மருந்துப் பொருள்களைக் கொண்டு சென்றார். 1862 செப்டம்பரில் நடந்த ஆன்டீட்டம் சண்டையில், அவர் ஒரு வீரனுக்குத் தண்ணீர் புகட்டிக் கொண்டிருக்கையில் ஒரு குண்டு அவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்று அவ்வீரனைக் கொன்றது. போர் முடிந்த பின் காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தி, 63,000க்கும் மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதி, 22,000க்கும் மேற்பட்டோர் கதி என்னவாயிற்று என்பதை அவர்தம் குடும்பத்தாருக்குத் தெரிவித்தார். கணிப்பொறி இல்லாத காலம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1869இல் உடல்நலம் தேற ஐரோப்பா சென்றவர், ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டார். தாயகம் திரும்பிப் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1881 மே 21ஆம் நாள் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 59. பிறர் ஓய்வு பெறும் வயதில் அவர் தொடங்கினார்! 1889இல் ஜான்ஸ்டவுன் நகரில் அணை உடைந்து 2,200க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ஐந்து மாதங்கள் அங்கேயே தங்கி உதவினார். 1896இல் துருக்கி நாட்டில் துன்புற்ற ஆர்மீனிய மக்களுக்கு உதவி கொண்டு சென்றபோது வயது 74.

அவரது பெருமையின் உச்சியையும், பின்னால் வந்த துன்பத்தின் வித்தையும் ஒருங்கே காணும் இடம் கியூபா தீவு. 1895 முதல் கியூபா மக்கள் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துப் போராடினர். கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று, கிராமத்து மக்களைக் குடும்பம் குடும்பமாக விரட்டி, காவலிட்ட நகரங்களுக்குள் அடைத்தார் ஸ்பானியத் தளபதி வெய்லர். வயல்கள் பாழாயின. பசியாலும் நோயாலும் எண்ணற்றோர், அதிலும் குழந்தைகள், மடிந்தனர். 1898 பிப்ரவரியில் 76 வயதான பார்ட்டன் அம்மையார் ஹவானா நகருக்கு வந்து, இம்மக்களுக்கு உணவும் மருந்தும் வழங்கத் தொடங்கினார். அம்மாதம் 15ஆம் நாள் துறைமுகத்தில் 'மெய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. காயமுற்ற மாலுமிகளை மருத்துவமனையில் சென்று கண்டார். ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது.

'ஸ்டேட் ஆஃப் டெக்சாஸ்' என்னும் கப்பலில் சுமார் 1,400 டன் உணவுப் பொருள்களுடன் அவர் மீண்டும் கியூபாவை நோக்கிச் சென்றார். சிபோனி என்னும் கடற்கரையில் அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் பெண் தாதியர் தேவையில்லை என்று கூறிவிட்டனர். அவர்கள் கியூபா வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்று, தரையைக் கழுவி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். இதைக் கண்டபின் அமெரிக்க மருத்துவர்களே வந்து உதவி கேட்டார்கள்! ஜூலை 17ஆம் நாள் சான்டியாகோ நகரம் சரணடைந்தபோது, அத்துறைமுகத்திற்குள் முதலில் நுழையும் வாய்ப்பைக் கடற்படைத் தளபதி அளித்தது போர்க்கப்பலுக்கு அன்று. பார்ட்டன் அம்மையாரின் உணவுக் கப்பலுக்கே. கப்பல் மேல்தளத்தில் நின்றவர்கள் இறைவனைப் புகழ்ந்து பாடிக்கொண்டே உள்ளே சென்றனராம். இப்பகுதியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் தலைவி கியூபாவில் இருக்கையில், தாயகத்தில் சங்கத்தின் முடிவுகளை எடுப்பது யார்? நன்கொடைகள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. தொண்டர் குழுக்கள் தாமாகவே பல நகரங்களில் தோன்றின. அவர்களுக்கு வழிகாட்டவோ பதில் எழுதவோ அதிகாரம் பெற்றவர் தலைமையிடத்தில் இல்லை. எல்லாம் அம்மையாரையே சார்ந்திருந்தது. அவரோ துன்பப்படுவோர் நடுவே நின்று, தேவையைக் கண்ட இடத்திலேயே பணத்தைச் செலவிடும் வழக்கம் உடையவர். அவசரத்திற்குத் தம் சொந்தப் பணத்தையும் போடுவார். சங்கப் பணம் எது, சொந்தப் பணம் எது என்று கணக்கில் பிரித்துக் காட்டுவது பின்னர் எளிதாக இருக்கவில்லை.

அவருடைய வீடே இதற்கு ஓர் அடையாளம் எனலாம். மேரிலாந்து மாநிலத்தில் க்ளென் எக்கோ என்னுமிடத்தில் உள்ள அவ்வீடு, ஜான்ஸ்டவுன் நிவாரணக் குடிசைகளைப் பிரித்த மரங்களைக் கொண்டு 1891இல் கட்டப்பட்டது. முதலில் அது சங்கத்தின் கிடங்கு. 1897 முதல் அதுவே தலைமை அலுவலகம். அதுவே அம்மையாரின் இல்லம். நடைக்கூடத்தின் இரு புறமும் அலமாரிகள். அவற்றில் போர்வைகளும் கட்டுத்துணிகளும். எங்கே வீடு முடிகிறது, எங்கே சங்கம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. திருமணம் செய்துகொள்ளாத அவருக்குச் சங்கமே குடும்பம்.

1900இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சங்கத்திற்கு முறையான சாசனம் வழங்கியது. அதன் பின் சங்கத்திற்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. மேபல் போர்ட்மன் என்ற செல்வாக்கு மிக்க பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். கணக்குகள் சரியாக இல்லை, ஒருவரே எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார் என்பன குற்றச்சாட்டுகள். 1902 டிசம்பரில் அம்மையாரின் ஆதரவாளர்கள் விதிகளை மாற்றி அவரை வாழ்நாள் தலைவியாக்கினார்கள். அன்பினால் செய்தார்கள், ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சங்கத்துடன் தமக்கிருந்த தொடர்பை விலக்கிக் கொண்டார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அம்மையார் பணத்தை அபகரித்தார் என்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆயினும் மனம் உடைந்த அவர் 1904 மே 14ஆம் நாள் பதவி விலகினார். வயது 82.

இதில் யார் பக்கம் நியாயம்? எங்கள் வகுப்பில் இதைப் பேசியபோது பெரும்பாலோர் பார்ட்டன் அம்மையார் பக்கமே. குண்டுக்கு நடுவே நின்றவரிடம் ரசீது கேட்பதா என்று என் தோழி ஒருத்தி கோபப்பட்டாள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ஏழைக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தைக் கேள்வி கேட்கும் உரிமை, கொடுத்தவருக்கும் உண்டு, பெற வேண்டிய ஏழைக்கும் உண்டு. கேள்வி கேட்டது தவறன்று. 82 வயது மூதாட்டியைக் கேட்ட விதம்தான் கொடியது. அதே சமயம், 75 வயதிலாவது தமக்குப் பின் யார் என்று அவர் ஒருவரைப் பழக்கியிருந்தால் பிறர் பிடுங்க நேர்ந்திராது என்றும் தோன்றுகிறது. நம் பள்ளி ஜே.ஆர்.சி.யில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பழைய தலைவி அலமாரிச் சாவியையும் வரவு செலவு நோட்டையும் புதிய தலைவியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறாள். அதை வெறும் சடங்கு என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம்.

1905இல் சங்கம் புதிய சாசனம் பெற்றது. ஆண்டுதோறும் கணக்கைப் போர்த்துறை தணிக்கை செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. தலைவராக வில்லியம் டாஃப்ட் அமர்ந்தார். வேலைகளையெல்லாம் முன்நின்று நடத்தியவர் மேபல் போர்ட்மன். ஆனால் தலைவர் பட்டம் ஓர் ஆணுக்கே! போர்டன்டவுன் பள்ளி நினைவுக்கு வருகிறதல்லவா?

பார்ட்டன் அம்மையார் மூலையில் அமர்ந்துவிடவில்லை. 1905இலேயே முதலுதவிப் பயிற்சிக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை ஊழியருக்கும் தீயணைப்பு வீரருக்கும் கட்டுப்போடக் கற்றுக்கொடுப்பதும், முதலுதவிப் பெட்டி வைக்கச் செய்வதும் அதன் வேலை. செஞ்சிலுவைச் சங்கமும் பின்னர் இப்பயிற்சியைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக்கிக் கொண்டது. 1907இல் தம் இளமைப் பருவத்தைப் பற்றிச் சிறுவர்களுக்காக ஒரு நூல் எழுதினார். 1912 ஏப்ரல் 12ஆம் நாள், தமது 90ஆம் வயதில், அந்த க்ளென் எக்கோ வீட்டிலேயே இறந்தார். அவ்வீட்டை 1970களில் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக ஏற்றது. நடைக்கூடத்து அலமாரிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.