விசைத்தறிக்கு எத்தனை கட்டம்?

அன்புள்ள அம்மிணிக்கு,

வல்லினம் மிகும் இடங்களை நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், குறுக்கெழுத்துப் போட்டால் சரிவருமா என்று கேட்டிருக்கிறாய். வரும். பாடம் முடிந்து மிச்சமாகும் ஐந்து நிமிடத்தை ஓட்டுவதற்கு என்று வைத்துக்கொண்டால் மட்டும் வராது.

பாடநூலிலேயே 'மொழியோடு விளையாடு' என்று ஒரு பகுதி இருக்கிறதே. அதில் வரும் கட்டங்களை முன்வரிசைப் பிள்ளை நிரப்பிவிட்டால் மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். படித்த பெயர் ஞாபகம் இருந்தால் போதும். இலக்கணத்துக்கு அங்கே வேலை குறைவு. இலக்கணம் பிடிபடாவிட்டால் கட்டம் நிரம்பக் கூடாது. அப்படி ஒரு புதிர் போடு.

பலகையில் வரிசையாக ஐந்து கட்டம் வரை. 'பள்ளிபாளையத்தில் ராத்திரியும் தூங்காதது' என்று குறிப்புக் கொடு. வகுப்பே 'விசைத்தறி' என்று கத்தும். எழுதச் சொன்னால் சிலர் வி, சை, த, றி என்று நான்கில் முடித்துவிட்டு, ஒரு கட்டம் காலியாக நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள். அங்கேதான் நீ வாயைத் திறக்க வேண்டும். விசையால் இயங்கும் தறி. 'ஆல்' உருபும் 'இயங்கும்' என்ற பயனும் மறைந்திருப்பதால் நடுவில் ஒரு 'த்' வந்து உட்காருகிறது. கைத்தறியும் அதே கணக்கு. கையோடு கையாக ஊறுகாய்க்கு நான்கு கட்டம் போடு. 'ஊறுக்காய்' என்று எழுதிப் பழகியவனுக்கு இடம் போதாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதியை அப்போது சொன்னால், கேட்க ஆள் இருக்கும்.

குறிப்பு எழுதும்போது அகராதியை மட்டும் நம்பாதே. 'வாழையில் தொங்கும், தறிவீட்டில் சுற்றுவார்கள், வெயிலில் சாலையில் உருகும்': இரண்டு கட்டம். விடை, தார். பலபொருள் ஒருசொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றும் பிள்ளைதான் முதலில் கை தூக்கும். பெரும்பாலும் அது கடைசி பெஞ்சாக இருக்கும். பாவு, ஊடை, நாடா எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வா.

பிறகு கொஞ்ச நாளில் புதிர் போடும் வேலையை அவர்களிடமே தள்ளிவிடு. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரிலிருந்துதான் இன்றைய குறுக்கெழுத்து கிளம்பியது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. நம் கட்டத்தில் 'ரி' விழுந்தால் 'ரா' உதவாது, 'ர்' உதவாது. போடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். அந்தத் திண்டாட்டத்தில்தான் சொல் சேரும்.

காவிரியைக் குறுக்கே எழுதச் சொல். அதன் 'ரி'யிலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்கப் பார்ப்பார்கள். நல்ல தமிழ்ச்சொல் சிக்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் மொழிக்கு முதலில் வருவதில்லை என்கிறது நன்னூல். ஆகவே மேலே ஏறி 'ப'விலிருந்து வர வேண்டும்: பரிசல். அதன் கடைசி 'ல்' புள்ளி வைத்த எழுத்து, அதிலும் எதுவும் தொடங்காது, ஆனால் முடியும். இடப்பக்கத்தில் ஒரு 'நூ' வைத்தால் நூல் ஆயிற்று.

எவனாவது 'லாரி' என்பான். லாரிக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லே இல்லை என்று அடித்துவிடாதே. வெளியிலிருந்து வந்த சொல் என்று தனி நிறத்தில் எழுதவிடு. ரயிலை 'இரயில்' என்று எழுதிய வழக்கம் எதற்கென்று அன்றைக்குச் சொல்லலாம். எனக்கு அந்த 'இ'யில் பிரியமில்லை. பரீட்சையில் வந்தால் உன் பாடு.

ஒன்று மறந்துவிட்டேன். கணினியில் புதிர் தயாரிக்கும் செயலிகளைப் பார்த்துப் பயன்படுத்து. ஆங்கிலத்துக்கென்று செய்தவற்றில் 'தை'யின் இணைக்கொம்பு ஒரு கட்டத்திலும் 'த' இன்னொன்றிலும் போய் விழக்கூடும், ஏனென்றால் கணினிக்குள் அவை இரண்டு குறிகள். அச்செடுக்கும் முன் ஒருதரம் எண்ணிப் பார்த்துக்கொள்.

நீ போட்ட முதல் கட்டத்தை அனுப்பு. விடையை அனுப்பாதே.

அன்புடன்,
மாமா