மன்னிப்புக்குப் பின்னும் மனஸ்தாபம்

கேள்வி: சோதனைக்கு இணங்கிய பாவத்தைச் சங்கீர்த்தனம் செய்து பல வருஷங்களாகியும் வேதனை தீரவில்லையே; சர்வேசுரன் என்னை மன்னிக்கவில்லையா?

பதில்: வட ஆப்பிரிக்காவில் 354-ல் பிறந்த அர்ச். அகுஸ்தீனார், தமது 16-ஆம் வயதில் தோழர்களோடு இரவிலே அயல் தோட்டத்துப் பேரிக்காய்களை, பசியினாலன்றித் தகாததைச் செய்யும் இன்பத்துக்காகவே திருடிப் பன்றிகளுக்கு எறிந்த அந்த அற்பக் களவை, ஞானஸ்நானம் பெற்று, மேற்றிராணியாராகி, நாற்பது வயது கடந்த பின்னும் மறக்கமாட்டாமல், ஏன் செய்தேன், ஏன் செய்தேனென்று தம் நூலில் பக்கம் பக்கமாக விசாரித்து வருந்தினார். மன்னிக்கப்படாதவரா அவர்? மன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது, ஞாபகத்தையன்று. உமது துக்கம் உம்மை ஆண்டவரின் பாதத்துக்கே இழுத்துவருமாயின், அது யூதாஸின் அவநம்பிக்கையன்று, இராயப்பரின் கண்ணீரே. ஒன்று கேட்கிறேன்: அப்பாவத்தால் நஷ்டப்பட்டவர் ஒருவர் இருப்பாராயின், அவரைப் போய்ப் பார்த்தீரா?