இலக்குக் காத்த இளைஞர்

திருத்தணி முருகன் கோயிலுக்கு அடிவாரத்திலிருந்து நடந்து செல்வோர் 365 படிகளை ஏறுதல் வேண்டும். ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பது அவ்வூரார் கூறும் கணக்கு. டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் அங்கே படித்திருவிழா நடைபெறும். அன்று அடியார்கள் ஒவ்வொரு படியிலும் நின்று, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி, அதன் பின்னரே அடுத்த படியில் கால் வைப்பர். ஓடி ஏறும் சிறுவனுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் மலை, அன்று நெடுந்தொலைவாகிவிடுகிறது. இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டுவதற்கு அவ்விழாவில் இடமில்லை.

இவ்வாறு படிதோறும் நின்று ஏறிய விளையாட்டு வீரர் ஒருவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் தோன்றினார். அவர் பெயர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்தில் இந்தியாவின் இலக்கைப் பல்லாண்டு காத்து நின்றவர் அவர். அவர் பெற்ற பதக்கங்களைப் பலரும் அறிவர். அப்பதக்கங்களுக்கு முன்னர்க் கழிந்த ஆண்டுகளை அறிந்தோர் சிலரே.

வளைகோற் பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் களத்தில் இறங்குவர். அவருள் பதின்மர் ஓடுவர், ஒருவர் நிற்பார். நிற்கும் அவரையே இலக்குக் காவலர் என்கிறோம்; திடலில் 'கோல்கீப்பர்' என்று அழைப்பர். அவர் காக்க வேண்டிய இலக்கு 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உடையது. எதிரணியினர் அரைவட்டத்தின் விளிம்பிலிருந்து பந்தைச் சுழற்றி வீசினால், அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து வரும். கல்லைப் போல் கடினமான அப்பந்து அவரை அடைவதற்கு அரை நொடியே ஆகும். அந்த அரை நொடிக்குள் அவர் கண்டு, துணிந்து, கையையோ காலையோ நீட்டிவிட வேண்டும். முன்கள வீரர் ஒருவர் பத்து முறை குறி தவறி, பதினோராவது முறை பந்தை உட்செலுத்தினால் ஊர் அவரைப் போற்றும். காவலரோ பத்து முறை தடுத்து ஒரு முறை தவறினால், அந்த ஒன்றே பேசப்படும். கொடிய நீதிதான்; ஆயினும் அப்பணியின் இயல்பு அது.

அதனினும் கொடியது ஒன்று உண்டு. ஓடும் வீரர்கள் ஆட்டத்தின் இடையிடையே வெளிவந்து இளைப்பாறுவர். அவர்தம் இடத்தில் பிறர் சென்று ஆடுவர். இலக்குக் காவலரைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஆகவே அணியில் இரண்டாம் காவலராக இருப்பவர், கவசம் அணிந்தும் அணியாமலும் ஓரத்தில் அமர்ந்திருப்பதே வழக்கம். கனடா போன்ற குளிர்நாடுகளில் பனித்தரையில் ஆடப்படும் வளைகோல் ஆட்டத்திலும் இந்நிலையே உளது. நம் நாட்டில் லடாக்கின் உறைந்த குளங்களில் அவ்வாட்டத்தை ஆடும் இளைஞர்க்கும் இது தெரியும். முதற் காவலர் தளரும்வரை இரண்டாமவர் காத்திருத்தல் வேண்டும்.

ஸ்ரீஜேஷ் 1988-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேரளத்தில் கால்பந்தும் கைப்பந்தும் ஓட்டப் பந்தயமும் செழித்த அளவுக்கு வளைகோற் பந்தாட்டம் வேரூன்றியதில்லை. கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரெடரிக் என்பவர் 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் இலக்குக் காவலராக விளங்கினார். அவருக்குப் பின் அவ்வழியில் நெடுங்காலம் எவரும் தோன்றவில்லை. சிறுவன் ஸ்ரீஜேஷும் முதலில் அவ்வழியை நாடவில்லை. அவன் ஓட்டத்தில் பயின்றான். பின்னர் நீளந்தாண்டலிலும் கைப்பந்திலும் ஈடுபட்டான்.

பன்னிரண்டாம் வயதில் அவன் திருவனந்தபுரத்திலுள்ள ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தான். வீட்டிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு, விடுதி வாழ்க்கை. அங்கிருந்த பயிற்சியாளரே அவனை இலக்குக் காவலனாக நிற்குமாறு கூறினார். உயர்ந்த உடலும் நீண்ட கைகளும் உடைய பையன் எங்கே நின்றால் பயன்படுவான் என்பதை அவர் கண்டுகொண்டார். தன் திறமை எதுவென்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானே அறிதல் அரிது. பிறர் கண்டு கூற வேண்டியிருக்கிறது.

ஆனால் இலக்குக் காவலருக்கு ஒரு வளைகோல் மட்டும் போதாது. கால்களுக்குத் தடித்த காப்புகள், பாதங்களுக்கு உறைகள், கையுறைகள், மார்புக் கவசம், கழுத்துக் காப்பு, தலைக்கவசம் என அவருக்கு வேண்டுவன பல. அவை விலை மிக்கவை. உழவர் வீட்டில் அத்துணைப் பணம் ஏது? தந்தை ரவீந்திரன் தம் வீட்டுப் பசுவை விற்றார். விற்ற பணம் மகனின் கவசங்களுக்குச் சென்றது. பிற்காலத்தில் புகழ் பெற்ற பின்னர் ஸ்ரீஜேஷ் இச்செய்தியைத் தாமே பலரறியக் கூறியிருக்கிறார். கறவைப் பசு என்பது உழவர் வீட்டில் நாள்தோறும் வரும் வருவாய். மகன் நல்ல வீரனாவான் என்று அன்று எவரும் உறுதி கூறியிருக்க முடியாது. உறுதியில்லாத ஒன்றுக்காக உறுதியான ஒன்றைக் கொடுத்தார் அத்தந்தை. அதன் பின்னர் அம்மகனால் பயிற்சியைப் பாதியில் விட்டு வர இயலுமோ?

2004-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்திய இளையோர் அணியின் சார்பில் அவர் முதன்முதலாகக் களம் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 2006-இல், கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மூத்தோர் அணியில் இடம் கிடைத்தது. அப்போது வயது பதினெட்டு. இவ்வளவில் வாசிப்பவர், இனி வெற்றிமேல் வெற்றிதான் என்று எண்ணக்கூடும். நிகழ்ந்தது அதுவன்று.

அக்காலத்தில் ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி ஆகிய இருவரும் இந்திய அணியின் மூத்த இலக்குக் காவலர்களாக விளங்கினர். தேர்ந்தவர்கள், பல நாடுகளில் ஆடிப் பழகியவர்கள். தேர்வுக் குழுவினர் அவர்களையே பெரிதும் விரும்பினர். ஸ்ரீஜேஷ் ஒரு தொடரில் அழைக்கப்படுவார்; அடுத்த தொடரில் விடப்படுவார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இவ்வாறே சென்றன. 2008-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்ற இளையோர் ஆசியக் கோப்பையை இந்தியா வென்றபோது, அத்தொடரின் சிறந்த இலக்குக் காவலர் என்னும் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்பரிசும் மூத்தோர் அணியின் கதவை முழுதும் திறந்துவிடவில்லை. அதே ஆண்டில் இந்திய மூத்தோர் அணி, எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக, ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறாது போயிற்று. நாட்டின் ஆட்டமே தாழ்ந்திருந்த காலம் அது.

அந்த ஆறு ஆண்டுகளை வீண் என்று கருதுவோர் இலக்குக் காவலின் தன்மையை அறியாதவர் எனலாம். பந்து எங்கே வரும் என்பதைப் பந்து புறப்படும் முன்னரே உணர்த்துவன எதிராளியின் தோளும் மணிக்கட்டும் ஆகும். அவற்றைப் படிப்பதற்குக் களத்தின் ஓரமும் ஏற்ற இடமே. ஆயினும் ஓரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு அஃது எளிதாக இருந்திருக்கும் என்று சொல்லிவிடவும் கூடாது. ஊரில் ஒரு தொழுவம் வெறுமையாய்க் கிடந்தது.

2011-ஆம் ஆண்டு சீனாவின் ஓர்தோஸ் நகரில் ஆசியச் சாம்பியன் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இரு திறத்தாரும் கோல் அடிக்காமையால் தண்டனை அடிகளால் வெற்றியை முடிவு செய்ய நேர்ந்தது. இலக்கிலிருந்து 6.40 மீட்டர் தொலைவில் பந்தை வைத்து எதிராளி அடிப்பார். தடுப்பதற்குக் காவலர் ஒருவரே நிற்பார். ஸ்ரீஜேஷ் இரண்டு அடிகளைத் தடுத்தார். இந்தியா 4-2 என வென்றது. அன்றுமுதல் அணியில் அவர் இடம் நிலைபெற்றது.

நிலைபெற்ற மறு ஆண்டிலேயே சரிவு வந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாக நின்றது. அவ்வணியில் ஸ்ரீஜேஷும் இருந்தார். ஈராண்டு கழித்து, 2014 அக்டோபர் 2-ஆம் நாள், தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரில் மீண்டும் பாகிஸ்தான். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. இம்முறை விதி வேறு: எதிராளி 23 மீட்டர்க் கோட்டிலிருந்து பந்தை உருட்டி வந்து எட்டு நொடிக்குள் இலக்கில் சேர்க்க வேண்டும். காவலரும் முன்னே பாய்ந்து மறிக்கலாம். இங்கும் ஸ்ரீஜேஷ் இருவரை மறித்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஆசியத் தங்கத்தை வென்றது. ரியோ ஒலிம்பிக்கிற்கும் நேரே தகுதி பெற்றது.

அதன் பின்னைய வரலாறு நாடறிந்தது. 2016-இல் ரியோவில் அவர் அணித்தலைவர். 2017-இல் முழங்கால் காயத்தால் பல திங்கள் ஆட இயலாது கிடந்தார். 2021-இல் டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வந்த பந்தைத் தடுத்து, 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு வளைகோற் பந்தாட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத்தந்தார். 2024-இல் பாரிசில் மற்றொரு வெண்கலம், அத்துடன் ஓய்வு. அவர் அணிந்த 16-ஆம் எண் சட்டையை இனி மூத்தோர் அணியில் எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்யப்பட்டது.

ஓய்வு பெற்றவர் இந்திய இளையோர் அணியின் பயிற்சியாளரானார். 2025-ஆம் ஆண்டு இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. திருத்தணியில் இரயில் ஏறினால் ஒரு காலைப்பொழுதில் சென்றடையக்கூடிய எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கமே சென்னை ஆட்டங்களின் களம். திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவராய் விளங்கிய இராதாகிருஷ்ணன் வேறு. இவ்வரங்கின் பெயருக்குரிய மேயர் வேறு. காலிறுதியில் பெல்ஜியத்துடன் ஆட்டம் 2-2 எனச் சமமாயிற்று. மீண்டும் அதே எட்டு நொடிச் சோதனை. இந்தியாவின் இலக்கில் பிரின்ஸ்தீப் சிங் என்னும் இளங்காவலர் நின்றார். எதிராளிகளை அவர் மறிக்க, இந்தியா 4-3 என வென்றது. இம்முறை ஸ்ரீஜேஷ் இலக்கின் முன் இல்லை. பழைய நாள்களைப் போலவே களத்தின் ஓரத்தில் இருந்தார்.