கூரையில் டிராகன், கருவறையில் மூன்று அன்னையர்

கே: தியான் ஹோ கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து என் மகள் கேட்கிறாள்: "உள்ளே மூன்று அம்மன், கூரை முழுக்க டிராகன், ஏன்?" என்ன சொல்வது?
- ஒரு வாசகி, அம்பாங்

ப: தயங்காமல் சொல்லுங்கள் சகோதரி, மூவருமே மக்களைக் காக்கும் அன்னையர். நடுவில் இருப்பவர் தியான் ஹோ என்னும் மாட்சு. 960ஆம் ஆண்டு ஃபூஜியான் கரையோரம் மெய்சோ தீவில் லின் மோ என்ற பெண்ணாகப் பிறந்து, கடலில் தத்தளித்தவர்களைக் காத்தார் என்பது மரபு. மற்ற இருவர், கருணைத் தெய்வம் குவான் யின்னும், ஹைனான் மக்கள் வணங்கும் நீர்க்கரைத் தெய்வம் சுய் வெய் சேங் நியாங்கும். கடல் கடந்து மலாயா வந்த ஹைனான் சமூகத்தார் எழுப்பிய கோயில் அல்லவா! 1987இல் கட்டி முடித்தார்கள்.

டிராகனைக் கண்டு பிள்ளை பயப்பட வேண்டாம். சீன மரபில் அது மழைக்கும் ஆறு, கடலுக்கும் அதிபதி. 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலில் குரங்கு வீரன் சுன் வூகோங் தன் மாயத் தடியைக் கிழக்குக் கடலின் டிராகன் அரசனிடம்தான் மிரட்டி வாங்குகிறான். இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கையோடு நம் மணிமேகலா தெய்வத்தையும் சொல்லிவிடுங்கள். கப்பல் உடைந்து கடலில் தவித்த கோவலனின் முன்னோரைக் காத்தவள் அவள். அந்த நன்றியில்தான் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான் கோவலன். மாட்சுவை உங்கள் மகளுக்கு இதைவிட நன்றாக யாரும் அறிமுகப்படுத்த முடியாது.