பன்னிரண்டாயிரம் பேருக்கு ஒரு கொடி

கேள்வி: நவுரு போன்ற குட்டித் தீவு நாடுகள் பதக்கம் வெல்லப்போவதில்லை என்று தெரிந்தும் சர்வதேசப் போட்டிகளுக்கு ஆள் அனுப்புவது வெட்டிச் செலவுதானே?

பதில்: பதக்கமே வெல்லாது என்று யார் சொன்னது? 21 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 12,000 மக்களும் கொண்ட நவுரு, 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில்தான் முதன்முதலாகக் கலந்துகொண்டது. அதிலேயே பளுதூக்குதலில் மார்கஸ் ஸ்டீபன் தங்கம் வென்றார். 1994-இல் மூன்று, 1998-இல் மூன்று. ஆக ஏழு தங்கம். அப்போது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரு தூக்கு முறைகள், மொத்த எடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்பதும் உண்மைதான். மூன்றிலும் முதலிடம் பிடிப்பது மட்டும் என்ன சுலபமா? பெரிய மைதானத்துக்கு இடமில்லாத தீவுக்கு ஒரு கம்பி, சில இரும்புத் தட்டுகள், ஒரு கூடம் போதுமான விளையாட்டு பளுதூக்குதல். தேர்வு புத்திசாலித்தனமானது.

‘ஒலிம்பிக்கில் ஒன்றும் இல்லையே’ என்பீர்கள். இல்லைதான். ஆனால் 1992 பார்சிலோனாவில் சமோவா சார்பில் தூக்க வேண்டியிருந்த ஸ்டீபன், 1996 அட்லாண்டாவில் சொந்த நாட்டின் பெயரில் தூக்கினார். பக்கத்துக் கிரிபாட்டியின் டேவிட் கட்டோவாட்டாவ் 2016 ரியோவில் பளு தூக்கிவிட்டு மேடையிலேயே ஆடினார். கடல் தன் தீவை விழுங்குவதை உலகுக்குச் சொல்ல. அந்தக் கவனத்தை விளம்பரம் கொடுத்து வாங்க அந்த நாட்டிடம் பணம் ஏது? பளுதூக்குதலில் பெயர் பெற்ற அதே ஸ்டீபன், 2007-இல் நவுருவின் அதிபரானார்.