அண்ணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

என் மகள் உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்ததற்கு 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம்தான் காரணம் என்று பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று காலை நான் அருவாமனையில் கத்தரிக்காய் நறுக்கினேனாம். நறுக்கினேன்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பசிக்காதா? ஆனால் அப்போது எனக்கு ஆறாம் மாதம்.

ஆறாம் மாதத்திலா குழந்தைக்கு முகம் உருவாகிறது? கரு தங்கிய நான்காம் வாரத்திலேயே நெற்றிப் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்தாடைக்கு இரண்டு என ஐந்து மேடுகள் எழுந்துவிடுகின்றன. அவை நெருங்கி வளர்ந்து ஒட்டித்தான் முகமாகிறது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். மேலுதட்டில் ஒரு சின்னப் பள்ளம், இரு ஓரமும் வரம்பு. அந்த வரம்பை ஒட்டித்தான் பெரும்பாலும் பிளவு விழுகிறது. ஏழாம் வாரத்துக்குள் உதடு கூடிவிடும். அண்ணத்தின் இரண்டு தகடுகளும் முதலில் நாக்கின் இரு பக்கமும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு இறங்கி வழிவிட்டதும் அவை மேலெழுந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் நடுவில் ஒட்டும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறவர்கள் இதோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். என் மகளுக்கு உதடு கூட வேண்டியது செப்டம்பர் கடைசிக்குள், அண்ணம் நவம்பர் தொடக்கத்துக்குள். கிரகணம் வந்தபோது எல்லாம் முடிந்துபோன கதை. மரபணுவும் வேறு பல காரணங்களும் கலந்து வருவது இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவராலேயே சொல்ல முடிவதில்லை. கத்தரிக்காய்க்கு அதில் இடமே இல்லை.

பால் கொடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கடைவாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் பதறாமல் நிறுத்தி, துடைத்து, மறுபடி கொடுங்கள். அடிக்கடி தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவையுங்கள். எடை ஏறினால்தான் ஆபரேஷன். ஊரடங்கிலும் எடை பார்க்கப் போவதை நான் விட்டதில்லை.

உதட்டு ஆபரேஷன் 2020 கடைசியில் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “மூஞ்சி நல்லா ஆயிடுச்சு, வாய்க்குள்ள இருக்கறத யார் பாக்கப் போறா? பொட்டப் புள்ள உடம்புல எத்தன வாட்டி கத்தி வெப்பீங்க?” என்று கூடத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தை மூடிவிட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவிலேயே கிடந்தது. மூன்று வயது தாண்டித்தான் மூடினோம்.

அதற்குள் பேச்சு வந்துவிட்டது. ப சொல்ல வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கில் போய்விடும். “பாப்பா” என்பாள், “மாம்மா” என்று கேட்கும். க வராததால் தொண்டையை நெறித்து ஒரு சத்தம் போடப் பழகிக்கொண்டாள். மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கண்ணாடித் துண்டை மூக்கடியில் பிடித்து, ஆவி படியாமல் “ப” சொல்ல வைக்கும் பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்களே, காதில் விழாதா? அங்கன்வாடியில் அவளை மாதிரிப் பேசிக் காட்டிய பிள்ளைகளுக்குக் கேட்டதே!

அதனால் உங்கள் மாமியார் என்ன சொன்னாலும் தேதியை விடாதீர்கள். பணம் ஒரு சாக்கே இல்லை. 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவு இரண்டும் உண்டு. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருகிறது. ஸ்மைல் ட்ரெயின் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம். காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அண்ணத்துத் தசைதான் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயையும் திறந்துவிடுகிறது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே நீர் கட்டிக் காது மந்தமாகும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அடம் என்று அடிக்காதீர்கள்.

அடுத்து ஈறுப் பிளவில் எலும்பு வைக்க வேண்டும். மேல் கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால், எட்டிலிருந்து பத்து வயதுக்குள். எந்த வருடம் வரச் சொல்கிறார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. இந்த முறை கூடத்தில் யாரையும் கூட்டப் போவதில்லை.