பார்க்காததையும் எழுது

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ரியாக்டர் பக்கம் போடுவாங்கன்னு நினைச்சேன் அங்கிள், குப்பைக்குப் போட்டுட்டாங்க." பின்னாலிருந்து உன் அப்பா சிரித்ததும் கேட்டது. அவர் சிரிக்கலாம். 34 வருஷம் அந்தக் குப்பையோடு, அதாவது அணுக்கழிவோடு, காலம் தள்ளியவன் நான். உனக்கென்று எழுத உட்கார்ந்ததைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். உன்னைப் போல மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தப் பிரிவுக்குள் நுழைகிறவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள்.

உன் பணியாணையில் 'வேஸ்ட் கேரக்டரைசேஷன்' என்று போட்டிருக்கும். எங்களிடம் ஒரு ஃபிட்டர் இருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். புதிதாக வந்தவர்களுக்கு அந்த வார்த்தையை அவர்தான் விளக்குவார்: "உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, எத்தனை நாளைக்கு இருக்கும். அவ்வளவுதான் சார்." அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மூன்று கேள்விக்கும் நீ எழுதும் பதிலை வைத்துத்தான் ஒரு பீப்பாய் போகும் இடம் முடிவாகும். லேசானது மண் அகழிக்கு, கொஞ்சம் காட்டமானது ஆர்.சி.சி. டிரெஞ்சுக்கு, அதற்கும் மேலே போனால் டைல் ஹோலுக்கு. ஆல்ஃபா உமிழும் நெடுநாள் சரக்கு இவை எதற்குள்ளும் போகக் கூடாது. சீசியம்-137-க்கு அரை ஆயுள் சுமார் 30 வருஷம். 300 வருஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அகழியைக் காவல் காக்கும் கணக்கெல்லாம் இதை ஒட்டித்தான். அதே அகழிக்குள் 24,000 வருஷ அரை ஆயுள் உள்ள புளுட்டோனியம் தெரியாமல் போய்விட்டால், காவல்காரன் வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சரி, என் வண்டவாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். இடத்தின் பெயர் வேண்டாம். பழைய சோதனைக்கூடம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கழற்றிய குழாய்களில் சுத்தமானவற்றை இரும்புக் கடைக்கு விடலாமா என்று பார்ப்பது என் வேலை. கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டுக்கும் இப்போது உலக அளவில் ஏற்றுக்கொண்டிருக்கும் விடுவிப்பு வரம்பு கிராமுக்கு 0.1 பெக்கரல். எங்களுக்கும் அந்த வேலைக்கு அதுவே வரம்பு. லாரி வாசலில் நின்றது. கான்ட்ராக்டர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நானும் மாதிரிக்குப் பத்து நிமிஷம் என்று டிடெக்டரில் வைத்து எண்ணினேன். ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றும் எழும்பவில்லை. 'கோபால்ட்: இல்லை. சீசியம்: இல்லை' என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேலதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லையா, தெரியலையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பத்து நிமிஷத்தில் உன் மெஷினுக்கு எவ்வளவு வரைக்கும் கண் தெரியும்? கணக்குப் போட்டு வா." போட்டேன். கிராமுக்கு 0.3 பெக்கரல். அதாவது வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்திருந்தால்கூட என் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு 'வீட்டில் யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண்டறியும் எல்லை, எண்ணும் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் இறங்கும். 0.3-ஐ 0.1 ஆக்க நேரத்தை ஒன்பது மடங்காக்க வேண்டும். மாதிரி ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு லாரி வெறுமனே திரும்பியது. கான்ட்ராக்டர் என்னைத் திட்டிய திட்டைப் பத்திரிகையில் எழுத முடியாது. அதற்குப் பிறகு 'இல்லை' என்ற சொல்லை என் தாள்களில் நான் எழுதியதே இல்லை. 'இந்த எல்லைக்குக் கீழே' என்றுதான் எழுதுவேன், எல்லை என்ன என்பதோடு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ உட்காரப்போகும் ஜெர்மேனியம் டிடெக்டர் அருமையான கருவி. நீ அதை நம்பிவிடுவாய். 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (கெவி) கூரான ஒரு முகடு எழும்பினால் சீசியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். (உண்மையில் அந்தக் காமாவை விடுவது சீசியம் இல்லை, அதற்குப் பிறக்கும் பேரியம். பிள்ளை போடும் சத்தத்தை அப்பன் பெயரில் எழுதிக்கொள்கிறோம்.) 1173, 1332 என்று ஜோடியாக வந்தால் கோபால்ட். ஆனால் அது காமாவை மட்டும்தான் கேட்கும். நிக்கல்-63, ஸ்ட்ரான்சியம்-90, இரும்பு-55, கார்பன்-14 எல்லாம் பீப்பாய்க்குள் இருந்தாலும் பீப்பாய்க்கு வெளியே அதற்குச் செய்தி வராது. அகழிக்குள் நூறு, ஆயிரம் வருஷக் கணக்கில் தலைவலி கொடுக்கப்போகிறவர்களில் பலர் இந்த ஊமைகள்தாம்.

ஊமைகளை எப்படி எண்ணுவது? பேசுகிறவர்களைக் கொண்டு. இரும்புக் குழாயில் நியூட்ரான் பட்டுக் கோபால்ட்-60 பிறந்த இடத்தில் நிக்கல்-63-உம் பிறந்திருக்கும். சில மாதிரிகளைக் கரைத்து, ரசாயன முறையில் பிரித்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுவிட்டால், மிச்சம் ஆயிரம் பீப்பாய்க்கும் கோபால்ட்டை அளந்து நிக்கலை எழுதிவிடலாம். 'ஸ்கேலிங் ஃபேக்டர்' என்பார்கள். உலகம் முழுக்க நடக்கும் முறை, தப்பில்லை. தப்பு நடப்பது அந்த விகிதத்தை வேறு சரக்குக்கு எடுத்துப் போடும்போது. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அணுப்பிளவில் பிறந்த பங்காளிகள்தாம், ஆனால் குணம் வேறு. சீசியம் தண்ணீரோடு எங்கும் ஓடும். ஸ்ட்ரான்சியத்தின் போக்குத் தனி. ஒரு தொட்டியில் ஒத்துப்போன விகிதம் அடுத்த தொட்டியில் ஒத்துப்போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

விகிதத்துக்கு வயதும் உண்டு. கோபால்ட்-60-க்கு அரை ஆயுள் 5.27 வருஷம், நிக்கல்-63-க்கு ஏறக்குறைய 100. இன்று எடுத்த விகிதத்தை 53 வருஷம் கழித்து ஒருவர் அப்படியே போட்டால் நிக்கலை 700 மடங்கு குறைத்து எழுதுவார். கோபால்ட் ஆயிரத்தில் ஒன்றாகியிருக்கும், நிக்கல் பாதிகூடக் குறைந்திருக்காது. அதனால் லேபிளில் தேதி போடாமல் எந்த எண்ணையும் எழுதாதே. பெக்கரலை மறந்தால்கூடத் திரும்ப அளந்துகொள்ளலாம். எந்த நாள் கணக்கு என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பீப்பாயைச் சுற்றாமல் அளக்காதே. சிமென்ட் கெட்டித்த 200 லிட்டர் பீப்பாய்க்கு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் 28 செ.மீ. சீசியத்தின் காமாவை 4 செ.மீ. சிமென்ட் பாதியாக்கும். ஏழு தடவை பாதியானால் என்ன மிஞ்சும்? நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. நடுவில் ஒரு சூடான ஃபில்டர் துண்டு கிடந்தால் வெளியே சாதுவாகத் தெரியும். அதே துண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் முழுப் பீப்பாயும் பயங்கரமாகத் தெரியும். சுழற்றி, அடுக்கடுக்காகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பத்தை எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு ஒத்துக்கொள்.

பிரிக்கும் கட்டடத்துக்குப் போனால், முதலில் பக்கத்தில் கைபடாத ஒரு கட்டடத்தை அளந்துவிட்டு வா. நம் கடற்கரையில் இது ரொம்ப முக்கியம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது ஊருக்கே தெரியும். கல்பாக்கம் கரையிலும் உண்டு. மோனசைட் என்றால் தோரியம். அந்த மணலில் கட்டிய சுவர் எந்த ரியாக்டரையும் பார்க்காமலேயே 2614 கெவி-யில் முகடு காட்டும். ரியாக்டரைச் சுற்றிய கான்கிரீட்டில் நீ தேட வேண்டியது வேறு: சிமென்டிலும் ஜல்லியிலும் இம்மியளவு ஒளிந்திருக்கும் யூரோப்பியம் நியூட்ரானில் வெந்து யூரோப்பியம்-152 ஆகியிருக்கும், 13.5 வருஷ அரை ஆயுளோடு. சுவரில் துளைபோட்டு ஆழம் ஆழமாக மாதிரி எடுத்தால்தான் எத்தனை செ.மீ. வெட்ட வேண்டும், எங்கே நிறுத்தலாம் என்று சொல்ல முடியும்.

இங்கே ஒரு ஆசை வரும். எதற்கு வம்பு, கொஞ்சம் கூட்டியே எழுதிவிடுவோம், பாதுகாப்புதானே என்று. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இதை நல்ல பழக்கம் என்றே நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயந்து கூட்டி எழுதுவதும் பொய்க் கணக்குதான். அகழிக்குள் இவ்வளவு பெக்கரல்தான் போகலாம் என்று வரம்பு உண்டு. நீ எழுதிய இல்லாத பெக்கரல் இடத்தை அடைத்துக்கொள்ளும். உண்மையான சரக்கு வெளியே ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கும்.

இதெல்லாம் பெக்கரல் கதை. ஃபிட்டர் சொன்ன மூன்று கேள்வியில் முதல் கேள்வி இருக்கிறதே, 'உள்ளே என்ன', அது பெக்கரலோடு முடியாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உப்புப் படிவத்துக்குள் 655 மீட்டர் ஆழத்தில் விப் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. அணு ஆயுத வேலையில் மிஞ்சிய புளுட்டோனியக் கழிவுக்கென்றே வெட்டியது. 2014 பிப்ரவரி 14 இரவு அங்கே காற்றுக் கண்காணிப்புக் கருவி அலறியது. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த 68660 என்ற எண்ணுள்ள பீப்பாய் உள்ளுக்குள்ளேயே சூடேறி மூடி பிய்த்துக்கொண்டிருக்கிறது. புளுட்டோனியமும் அமெரிசியமும் சுரங்கக் காற்றில் கலந்து, ஒரு துளி வெளியே வரைக்கும் வந்தது. கிடங்கு ஏறத்தாழ மூன்று வருஷம் மூடிக் கிடந்து, 2017 ஜனவரியில்தான் திறந்தது.

காரணம் புளுட்டோனியக் கணக்கில் இல்லை. கழிவில் ஈரம் மிஞ்சக் கூடாது என்று, பூனை வளர்ப்பவர்கள் தட்டில் கொட்டி வைக்கும் ஈரம் உறிஞ்சும் பொருளைக் கலப்பார்கள். களிமண் வகை போட வேண்டிய இடத்தில் கோதுமையில் செய்தது போய்விட்டது. உள்ளே இருந்ததோ நைட்ரேட் உப்பு. வெடியுப்போடு எரியும் சரக்கைக் கலந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். செய்முறைக் குறிப்பில் 'இன்-ஆர்கானிக்' என்று வர வேண்டியது 'ஆன் ஆர்கானிக்' என்று ஏறிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்தைக் கேலி பண்ணாதே. நம் தமிழில் இன்னும் மோசம்: கனிமத்துக்கும் கரிமத்துக்கும் நடுவில் ஒரே எழுத்துதான்.

ஜெர்மனியில் ஆஸ்ஸே என்று ஒரு பழைய உப்புச் சுரங்கம். 1967-இலிருந்து 1978 வரைக்கும் ஏறத்தாழ 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். இன்றைக்குச் சுரங்கத்துக்குள் தினமும் உப்பு நீர் கசிகிறது, எல்லாவற்றையும் திரும்ப மேலே எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. எடுக்கப்போகிறவர்களின் முதல் கேள்வி அதேதான்: உள்ளே என்ன? ஏடுகளில் இருந்த புளுட்டோனியக் கணக்கு 9 கிலோ சொச்சம். 2009-இல் அதை 28 கிலோ என்று திருத்தினார்கள். யாரோ ஒரு குமாஸ்தா, யாரோ ஒரு பொறியாளர், 'இது போதும்' என்று ஒரு மாலை நேரத்தில் எழுதிய தாள்களைத்தான் அவர்கள் இப்போது புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்த ஃபிட்டர். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், பழைய ரெசின் தொட்டி ஒன்றைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஆவணம் சுத்தமாக இருந்தது: இன்ன சுற்றின் ரெசின், இன்ன விகிதம். ஸ்பெக்ட்ரமும் சமர்த்தாக இருந்தது. பீப்பாய் எண்கள்கூடப் போட்டாகிவிட்டது. அவர் அப்போதே ஓய்வு பெற்றிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அதில் ஃபியூவல் பாண்டுப் பக்கத்து ரெசினும் இருக்கே சார்" என்றார். எப்போதோ ஒரு தடவை அந்தப் பக்கம் வால்வு ஒழுகியபோது, வேறு வழியில்லாமல் இரண்டையும் ஒரே தொட்டிக்குத் தள்ளியிருக்கிறார்கள். திரும்பிப் போய்ப் பழைய ஷிஃப்ட் லாக்புக்கைத் தேடினேன். இருந்தது. பென்சிலில், ஒன்றரை வரி. மேலிருந்தும் அடியிலிருந்தும் புதிதாக மாதிரி எடுத்து ரசாயனக்கூடத்துக்கு அனுப்பினோம். ஸ்ட்ரான்சியம் நாங்கள் எழுதவிருந்ததைவிடப் பல மடங்கு. அந்தப் பீப்பாய்கள் போக வேண்டிய இடமே மாறியது.

நீ போகும் இடத்தில் அப்படி இன்னும் இரண்டு தொட்டி இருக்கிறது. அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்; முகவரியை உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாரமே போய்ப் பார்த்துவிடு, வயது எண்பது ஆகப்போகிறது. இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்கார். எடுத்த எடுப்பில் ரெசினைப் பற்றிக் கேட்காதே. கொல்லையில் இருக்கும் முருங்கையைப் பற்றிக் கேள், தானாக அங்கே வருவார். நோட்டு எடுத்துக்கொண்டு போ. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது எது, யாரோ சொல்லிக் கேட்டது எது என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அங்கிள்